ரோடு ரோலருக்கு விழுந்த லைக்குகள்

ஜனவரி 27

இன்றிலிருந்து டைரி எழுதுகிறேன். டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் என் கடைக்குக் கொடுக்கிற டைரி. இதுவரைக்கும் ஒரு பக்கம்கூட எழுதினதில்லை. இனி எழுதித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் நான் கவுன்சிலர் ஆகப் போகிறேன். பிற்பாடு யாராவது கிட்டுசாமியின் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்தால் தேதி தெரியாமல் தவிக்கக் கூடாது பாருங்கள்.

விஷயம் இதுதான். நகராட்சித் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். புதுவலசு நகராட்சி பதினாலாவது வார்டு, அதாவது எங்கள் வார்டு, பெண்களுக்கு ஒதுக்கீடு. காலையில் கடையில் இதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த வார்டில் கல்யாணம், காதுகுத்து, எழவு எதுவானாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறவன் நான். எத்தனை வருஷக் கனவு! தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது வார்டு சென்னியப்பன்தான் தேற்றினார். அவர் வார்டும் பெண்களுக்குப் போய்விட்டதாம்.

"இதுக்குப் போயி ஏனுங்க கெடந்து வேகறீங்க? நம்ம ஊட்டுல பொம்பள இல்லையா? பேரு அவங்குளுது, சேரு நம்முளுது. எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்க நடக்குது."

அட, ஆமாம்! எனக்கு ஏன் தோன்றவில்லை? கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் சம்சாரம் பூங்கொடி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நானா?"

"நீ சும்மா பேருக்கு நில்லு புள்ள. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை. சேலை கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்க வேண்டியது, அவ்வளவுதானே!

ஜனவரி 29

சரி என்று சொல்லிவிட்டாள்! இரண்டு நாளும் போனை வைத்துக்கொண்டு யார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த 'தண்ணி வந்தாச்சு' குரூப் பெண்களாக இருக்கும்.

அது என்ன குரூப் என்று எழுதிவைக்கிறேன், வரலாற்றாசிரியருக்குப் புரிய வேண்டுமே. எங்கள் வார்டில் குழாய்த் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும். எப்போது வரும் என்று ஒரு கணக்கும் கிடையாது. பூங்கொடி வால்வு திறக்கிறவருக்குப் போன் போட்டுக் கேட்டு வாட்ஸ்அப்பில் போடுவாள்: "கிழக்கு வீதிக்கு அரை மணி நேரத்துல வருது." உடனே வீதியில் குடச் சத்தம் கேட்கும். வார்டில் இருக்கிற அத்தனை பெண்களும் அதில் இருக்கிறார்கள். நான் இல்லை. தண்ணீர் பிடிப்பது என் வேலை இல்லையே.

எந்நேரமும் அதைக் கட்டிக்கொண்டு அழாதே என்று திட்டியிருக்கிறேன். தேர்தல் முடிகிறவரைக்காவது அதை மூட்டை கட்டி வை என்று இன்றைக்கும் சொன்னேன். "பாக்கலாங்க" என்றாள்.

பிப்ரவரி 3

மனுத்தாக்கல் முடிந்தது! சுயேச்சை. என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். ஒரே வெடிச் சத்தம். மாலை விழுந்த வேகத்தில் எனக்கு எதிரில் இருப்பவர் முகமே தெரியவில்லை. பூங்கொடிக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

எதிராக நிற்பது பழைய கவுன்சிலர் கந்தவேலின் சம்சாரம் மல்லிகா. அவருக்குப் பெரிய கட்சி. எனக்கு என்ன? எனக்குப் பேஸ்புக் இருக்கிறது! 'பதினாலாவது வார்டின் பாசமிகு கிட்டு' என்று பக்கம் ஆரம்பித்தேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முந்நூறு லைக். ஊரே என் பக்கம்!

போஸ்டர் டிசைனும் ஆயிற்று. நடுவில் நான், சிரித்தபடி. வலது மூலையில் பூங்கொடி.

பிப்ரவரி 7

சின்னம் கிடைத்துவிட்டது. ரோடு ரோலர்! எங்கள் வார்டில் ரோடு இருக்கிற லட்சணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்குமா? கான்ட்ராக்டர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி நிஜ ரோலரையே வரவழைத்து, அதன்மேல் ஏறி நின்று பேசினேன். முழுசாகப் பதினோரு நிமிஷம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேஸ்புக்கில் ஏற்றினேன். அடேயப்பா! ஆயிரத்தைத் தாண்டி லைக் விழுந்துகொண்டே இருக்கிறது. "சிங்கம் களம் இறங்கிருச்சு", "வருங்கால கவுன்சிலர் வாழ்க". துபாயிலிருந்து தேவராசு நெருப்புப் படமாகப் போட்டுத் தள்ளினான். தலைகால் புரியவில்லை எனக்கு.

என் மகள் தாரணி காலேஜிலிருந்து வந்ததும் போனைக் காட்டினேன். மேலே கீழே தள்ளிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல நம்ம வார்டுல ஓட்டு இருக்கறவங்க யாரு?"

"எல்லாருந்தான் கண்ணு!"

"தேவராசு மாமா துபாய். இவரு சிங்கப்பூர். இவங்க மூணு பேரும் திருப்பூர். இவரு... இவரு செத்துப் போயிட்டாருன்னு போன மாசம் சொன்னீங்களே?"

"அது அவர் மகன் அந்த அக்கவுண்டை நடத்தறான்."

ஒவ்வொன்றாகத் தோண்டினோம். ஆயிரத்துச் சொச்சத்தில் பதினாலாவது வார்டுக்காரர் எட்டுப் பேர். அதில் ஒருவர் கந்தவேல். எனக்கு லைக் போட்டிருக்கிறார், நக்கலுக்கு. இன்னொருவர் நானே.

பிப்ரவரி 8

தாரணி இன்றைக்கு எனக்கு வகுப்பு எடுத்தாள்.

"பேஸ்புக் உங்க வயசு ஆம்பளைங்க கூடற எடம்ப்பா. பழைய சிநேகிதம், குரூப் போட்டோ, பெருமை, அரசியல் சண்டை. இன்ஸ்டாவுல என் வயசுப் புள்ளைங்க. அரை நிமிஷத்துக்கு மேல எதையும் பாக்க மாட்டோம். வாட்ஸ்அப்புல குடும்பம், வீதி, அக்கம்பக்கம். அங்க வேலை ஆகோணும், பேச்சு பத்தாது. யூட்யூப்புல சமைக்கறப்ப ஓட விட்டுட்டுக் கேக்கறவங்க. ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு ஜனம்."

நான் அசருகிற ஆளா? அப்படியானால் எல்லா இடத்திலும் இறங்கிவிடுவோம் என்று அதே ரோலர் பேச்சை எல்லாவற்றிலும் ஏற்றினேன். முழுப் பதினோரு நிமிஷம், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. முடிவுகளை எழுதிவைக்கிறேன்.

எக்ஸ் என்கிற இடத்தில் முகம் இல்லாத ஒருவர் வந்து, நவீன பொருளாதாரக் கொள்கை குறித்து வேட்பாளரின் நிலைப்பாடு என்ன என்று கேட்டார். சாக்கடைக்கு மூடி போடுவோம் என்று பதில் சொன்னேன். அதற்கு ஏழு பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். உத்தியோகம் பார்க்கிறவர்கள் கூடுகிற லிங்க்டுஇன்னில் பெங்களூர் அக்கா மகன் போட்டுவிட்டான். புதுப் பதவிக்கு வாழ்த்துகள் சார் என்று வரிசையாக வாழ்த்துகிறார்கள். தேர்தலே நடக்கவில்லை, அதற்குள் எனக்குப் பதவி கொடுத்துவிட்டார்கள். நல்ல ஜனங்கள்! இன்ஸ்டாவில் ஒரே ஒரு கமெண்ட்: "அங்கிள் யாரு? நிக்கறது அக்காதானே, அக்கா எங்க?"

வீதி வாட்ஸ்அப் குரூப்பில் (தண்ணி குரூப் இல்லை, இது வேறு) என் வீடியோவுக்குக் கீழே உடனே ஒரு பதில் வந்தது. ஆவலாகத் திறந்தேன். பக்கத்து வீட்டுத் துளசிமணி அக்கா கேட்டிருந்தார்: "இன்னைக்குக் குப்பை வண்டி வந்துச்சா?"

பிப்ரவரி 10

ஒரு கூத்து நடந்துவிட்டது. பூங்கொடி ஓட்டுக் கேட்கப் போகிறபோது தாரணி பின்னால் நடந்து படம் எடுத்திருக்கிறாள். மேட்டு வீதியில் சாக்கடை மூடி இரண்டு வருஷமாக உடைந்து கிடக்கிறது. பூங்கொடி சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து ஒரே தாண்டு தாண்டினாள். தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "ஜெயிச்சா மொதல் வேலை இதுதானுங்க. தோத்தா, தெனமும் தாண்டித்தான் ஆகோணும்" என்று சிரித்தாள். அரை நிமிஷம்கூட இல்லை. அதைத் தாரணி இன்ஸ்டாவில் போட்டாள். ஐம்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்!

காலேஜ் பஸ்ஸிலிருந்து பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்து "ரோலர் அக்கா!" என்று கத்துகிறார்கள். முதல் ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகள். எனக்குப் புல்லரித்துவிட்டது. வீடியோவில் நான் இல்லை என்பது ஒரு குறைதான். மூன்றடி தள்ளி நோட்டீஸ் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன், போனைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் படத்தில் விழுந்திருப்பேன். கேட்டதற்கு "பிரேமுக்கு வெளிய இருந்தீங்கப்பா" என்கிறாள்.

வீடு வீடாகப் போகிறபோது ஒன்று கவனித்தேன். என்னைப் பார்த்தால் வாசலிலேயே கும்பிடு போடுகிறார்கள். பூங்கொடியைப் பார்த்தால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார்கள். அரை மணி நேரம் கழித்து வாயில் எதையோ மென்றுகொண்டே வருகிறாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று வார்டு நிலவரத்தைக் கணிக்கிறேன். அதுவும் முக்கியமான வேலைதானே.

பிப்ரவரி 12

பூங்கொடியோடு சண்டை.

"ஏனுங்க, போஸ்டர்ல உங்க படத்தைக் கொஞ்சம் சின்னதாப் போடலாமா? கந்தவேல் போஸ்டரும் இதே மாதிரிதான் இருக்குது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறா?"

"கேக்கறாங்க."

பத்து வருஷமாக இந்த வார்டில் ஓடி ஓடி உழைத்த முகம் இது என்றேன். "அந்த முகத்தை எல்லாரும் பாத்தாச்சுங்களே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், முறம் எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கோபத்தில் காபி வேண்டாம் என்று கடைக்கு வந்துவிட்டேன். பிறகு போன் போட்டு, ஒரு இஞ்ச் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். பெரிய மனசு எனக்கு.

பிப்ரவரி 13

என்ன ஒரு நாள்! சாயங்காலம் கடையிலிருந்து பேஸ்புக் லைவ். பழைய பசங்கள் அத்தனை பேரும் வந்துவிட்டான்கள். சிரிப்பும் கும்மாளமும்தான். தேவராசு துபாயிலிருந்து கேட்டான்: "டேய் கிட்டு, உன் சம்சாரத்துக்கு நகராட்சி பத்தி என்னடா தெரியும்?"

நான் விடுவேனா? போட்டேன் ஒரு போடு: "அவளுக்கு ஒண்ணும் தெரிய வேண்டியதில்லடா. கையெழுத்துப் போடத் தெரிஞ்சாப் போதும். சேர்ல உக்காரப்போறது நான்!"

சிரித்துக்கொண்டே அழுகிற பொம்மை நூற்றுக்கணக்கில் பறந்தது. "கிட்டுடா!" என்கிறான்கள். இதுவரை போட்டதிலேயே இதுதான் சூப்பர் ஹிட். சந்தோஷத்தில் கடை வேலையே ஓடவில்லை.

பிப்ரவரி 14

ஐயோ.

கந்தவேல் ஆட்கள் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, அவர் வீட்டுப் பெண் மூலமாகத் தண்ணி குரூப்பில் போட்டுவிட்டார்கள். விடிவதற்குள் வார்டு முழுக்கப் பரவிவிட்டது. பால் வாங்கப் போனால் பால்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுகிறார். துளசிமணி அக்கா என்னைப் பார்த்ததும் வாசல் தெளிக்கிற தண்ணீரை வேகமாக வீசினார். என் மேல் படவில்லை. குறி தப்பியதா, தப்பவிட்டாரா தெரியவில்லை.

இன்ஸ்டாவில் அதைவிட மோசம். காலேஜ் பிள்ளைகள் அப்பா சட்டையைப் போட்டு, தோளில் துண்டைப் போட்டு, மீசை வரைந்து, என் குரலுக்கு வாயசைக்கிறார்கள். "கையெழுத்துப் போடத் தெரிஞ்சாப் போதும்!" வரிசையாக ஆறு பிள்ளைகள், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாக மீசையை முறுக்குகிறாள். நாலு நாளைக்கு முன் பஸ்ஸிலிருந்து கையசைத்த அதே பிள்ளைகள்.

பேஸ்புக்கில் மட்டும் இன்னும் இதயமும் கைத்தட்டலும் வந்துகொண்டிருக்கிறது. அதே வாய், அதே வார்த்தை. அங்கே சிரிக்கிறார்கள், இங்கே எரிகிறார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

பேஸ்புக்கில் ஒரு மன்னிப்பு வீடியோ போடுகிறேன் என்று சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தாரணி சொன்னாள்: "அங்க யாருமே கோவப்படலையேப்பா. யாருகிட்ட மன்னிப்புக் கேக்கப்போறீங்க?"

பூங்கொடி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு போட்டாள், குழம்பு ஊற்றினாள், போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது எனக்குச் சோறு இறங்கியிருக்கும். ஜெயிக்கிற தேர்தலை நானே கெடுத்துவிட்டேன். சொந்த வாயாலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். பயமாக இருக்கிறது, ரொம்பவும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 15

காலையில் கொல்லைப்புறத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப்பக்கம் துளசிமணி அக்கா வீட்டில் பூங்கொடி பேசுகிற சத்தம் கேட்டது. இவள் எப்போது அங்கே போனாள் என்று பார்த்தால், நம் வீட்டு அடுப்படியில்தான் நிற்கிறாள். அது போன்! குரூப்பில் குரல் பதிவு போட்டிருக்கிறாள். அக்கா சத்தமாக வைத்துக் கேட்கிறார். வாயில் நுரையோடு மதிலோரம் நின்று நானும் கேட்டேன். பிறகு தாரணியிடம் வாங்கி முழுசாக எழுதிக்கொண்டேன்.

"வணக்கங்க, நான் பூங்கொடி பேசறேன். எங்க ஊட்டுக்காரரு பேசுனதை எல்லாரும் கேட்டிருப்பீங்க. நானும் கேட்டேன். அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கப்போறதில்லைங்க, அது அவரு பாடு. கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொன்னாருங்க. ஆமாங்க, கையெழுத்துப் போடத்தான் போறேன். ஆனா படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். புரியலீன்னா கேப்பேன். கேட்டும் புரியலீன்னா போட மாட்டேன். மீட்டிங்குக்கு நான்தானுங்க போவேன். இதை நம்பறவங்க ஓட்டுப் போடுங்க. நம்பலீன்னா வேண்டாங்க, அதுக்காக யாரு மேலயும் எனக்கு வருத்தமில்லை. ஓட்டுப் போட்டாலும் போடாட்டியும் தண்ணி வந்தா நாளைக்கும் சொல்லத்தான் போறேன். கிழக்கு வீதிக்கு இன்னைக்குப் பத்து மணிக்கு மேலதானாமுங்க."

அவ்வளவுதான்! ஒரு நிமிஷம் இருக்குமா? ரோலர் இல்லை, மாலை இல்லை, அடுப்படியில் நின்றுகொண்டு பேசியிருக்கிறாள், பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. மதிலுக்கு அந்தப்பக்கம் துளசிமணி அக்கா இரண்டாம் தரமும் போட்டுக் கேட்டார். பிறகு வீதிக் கடைசி வீட்டிலிருந்து அதே குரல். எதிர்வீட்டிலிருந்து அதே குரல். வீதி முழுக்க என் சம்சாரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"ஏம் புள்ள, இதைப் பேஸ்புக்லயும் போட்டிருக்கலாமே?"

"எதுக்குங்க? அங்க உங்களைப் புடிச்சவங்க இருக்கறாங்க. இங்க தண்ணி வேணுங்கறவங்க இருக்கறாங்க." சட்டுவத்தை என் பக்கம் நீட்டினாள். "வாயைக் கழுவிட்டு வாங்க. தோசை ஆறுது."

பேசிவிட்டாள்! என்னோடு பேசிவிட்டாள்!

பிப்ரவரி 16

தாரணி அந்தக் குரலை இன்ஸ்டாவில் போட்டாள், "நம்பலீன்னா வேண்டாங்க" வரை வெட்டி. மீசை வரைந்த அதே ஆறு பிள்ளைகள் இப்போது கையில் காகிதத்தை விரித்து, "படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்" என்று வாயசைக்கிறார்கள். ஒருத்தி மூக்குக்கண்ணாடி வேறு மாட்டியிருக்கிறாள். பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். எத்தனை தரம் பார்த்தேன் என்று எழுதப்போவதில்லை.

பேஸ்புக்கில் நிலவரம் தலைகீழ். "என்னடா கிட்டு, ஊட்டுல ஆட்சி மாறிருச்சா?", "சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோ". தேவராசு பூங்கொடியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினான். அதை இங்கே எழுதமாட்டேன். முப்பத்தைந்து வருஷச் சிநேகிதம். அதற்கப்புறம் பேஸ்புக்கில் அவன் என் கண்ணிலேயே படவில்லை. கை தவறி எங்கேயோ பட்டு பிளாக் ஆகிவிட்டது போலிருக்கிறது. திரும்பச் சேர்க்க எப்படி என்று தெரியவில்லை. தாரணியிடம் கேட்கவும் நேரமில்லை.

பிப்ரவரி 17

பிரசாரம் முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது, நான் பேசாமலேயே.

மத்தியானம் பசை வாளியும் வெள்ளைத் தாளுமாக ஒரு சுற்றுப் போனேன். எங்கள் போஸ்டர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நடுவில் இருக்கிற என் படத்தின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டினேன். வேறு ஒன்றும் இல்லை, பசை மிச்சம் இருந்தது, வீணாகப் போகுமே என்றுதான். மேட்டு வீதியில் கந்தவேல் பார்த்துவிட்டு, "என்னுங்க கிட்டுசாமி, உங்க முகத்தை நீங்களே மறைக்கறீங்க?" என்று சிரித்தார். வெயிலில் நிறம் போய்விட்டது என்றேன்.

பிப்ரவரி 19

ஓட்டுப் போட்டாயிற்று. பெட்டியில் ரோடு ரோலருக்குப் பக்கத்தில் அவள் பேர் மட்டும்தான் இருந்தது, என் பேர் இல்லை.

பிப்ரவரி 22

ஜெயித்துவிட்டோம்! ஜெயித்துவிட்டாள்!

முதல் சுற்றில் கந்தவேல் சம்சாரம்தான் முன்னால். வெளியே கந்தவேல் ஆட்கள் வெடியைப் பிரித்து அடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியாகக் கிழக்கு வீதியும் மேட்டு வீதியும் எண்ணினார்கள். ஏறியது பாருங்கள் எங்கள் ஓட்டு, ஏறியது, ஏறிக்கொண்டே போனது! அறுபத்து மூன்று ஓட்டு வித்தியாசம். அதிகாரி பேரைப் படித்ததும் நான் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். யாரைக் கட்டிப் பிடித்தேன் என்றே தெரியவில்லை, அப்புறம் பார்த்தால் ஒரு போலீஸ்காரர்.

பூங்கொடி சான்றிதழைக் கையில் வாங்கினாள். அதிகாரி கையெழுத்துப் போடச் சொன்ன தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நின்று படித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும்!

சாயங்காலம் என் போனில் ஒரு செய்தி. 'தண்ணி வந்தாச்சு' குரூப்பில் பூங்கொடி என்னைச் சேர்த்திருக்கிறாள்! ரோஜாப்பூப் படத்தோடு "வாக்களித்த நெஞ்சங்களுக்கு நன்றி" என்று உடனே போட்டேன். உடனே துளசிமணி அக்கா: "குரூப்ல பூப் படம் போடக் கூடாதுங்க. தண்ணி சங்கதி மட்டும்." எடுத்துவிட்டேன்.

மார்ச் 5

பதவி ஏற்று மூன்று நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்கிறேன். மனுக் கொண்டுவருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அக்கா இல்லீங்களா?" என்கிறார்கள். அக்கா இருக்கிறார் என்று சொல்லி உள்ளே கைகாட்டுகிறேன். நாளைக்கு இன்னும் நாலு நாற்காலி போட வேண்டும், ஜனம் நிற்கிறது.

மார்ச் 28

இன்றைக்கு நகர்மன்றத்தின் முதல் கூட்டம். எனக்குக் காலையிலிருந்தே கை கால் ஓடவில்லை. பூங்கொடி நீலப் புடவை, கையில் ஒரு பை. நான் பட்டுக்கரை வேட்டி. என் பைக்கில்தான் போனோம்.

மன்ற வாசலில் திருவிழாக் கூட்டம். பெண் கவுன்சிலர்கள் வருகிறார்கள், கூடவே வீட்டுக்காரர்களும் வருகிறார்கள், வந்த வேகத்திலேயே உள்ளே போய்ச் சம்சாரத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. ஏழாவது வார்டு சென்னியப்பன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் பத்தடி பின்னால். "வாங்க கிட்டு, ரெண்டாவது வரிசையில எடம் போட்டு வெக்கறேன்!" என்றார்.

நானும் வேட்டியைச் சரி செய்துகொண்டு படியில் கால் வைத்தேன்.

"ஏனுங்க" என்றாள் பூங்கொடி, மெதுவாக. "நான் மட்டும் போறேனுங்க."

"எல்லாரும் போறாங்க புள்ள."

"ஆமாங்க. ஆனா நான்தான் போவேன்னு நான் சொல்லியிருக்கறேனே."

சுற்றிலும் ஆட்கள். எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. கோபம் வந்ததா என்றால், வந்தது. அவளைப் பார்த்தேன். பையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இவளுக்கும் பயமா! இத்தனை நாளாக எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போ புள்ள" என்றேன். "நல்லாப் பேசு."

வராந்தாவில் ஒரு நீளமான இரும்பு பெஞ்ச். காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். பேஸ்புக்கைத் திறந்தேன், மூடினேன். இன்ஸ்டாவைத் திறந்தேன், மூடினேன். ஜன்னல் வழியாக மைக் சத்தம் நன்றாகவே கேட்டது. தலைவர் வரவேற்றார், யாரோ நன்றி சொன்னார், யாரோ இருமினார். அப்புறம் அவள் குரல். குரூப்பில் பேசுகிற அதே குரல்.

"தலைவர் அவங்குளுக்கு வணக்கங்க. பேசறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகமுங்க. எங்களுக்குக் குடுத்த விதிப் புத்தகத்தைப் படிச்சுப் பாத்தேன். மன்றத்துக்குள்ள உறுப்பினருங்களும் அதிகாரிங்களும்தான் உக்காரலாம்னு போட்டிருக்குதுங்க. பின்னாடி வரிசையில உக்காந்திருக்கறவங்க எந்த வார்டு உறுப்பினருங்கன்னு தெரிஞ்சா நல்லாருக்குமுங்க."

உள்ளே நாற்காலிகள் நகர்கிற சத்தம். ஒரு பெண் சிரித்தார், இன்னொரு பெண் சிரித்தார், அப்புறம் கைத்தட்டினார்கள். எழுந்து நின்றுவிட்டேன்.

கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக வெள்ளை வேட்டிகள் வெளியே வந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாகச் சென்னியப்பன் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவருக்கு முன்னால் வந்த வெளிவார்டு ஆள் ஒருவர், என்னை இன்னாரென்று தெரியாதவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"யாருங்க அந்தப் பொம்பள? எந்த வார்டு?"

"பதினாலாவது வார்டுங்க. பூங்கொடி" என்றேன். "நான் அவங்க ஊட்டுக்காரர்."

சொல்லிவிட்டு, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டேன்.